பாஸ்டன் லத்தீன் பள்ளி: பொது என்றால் யாருக்கு?

பாஸ்டன் நகரின் பழைய மாநகராட்சிக் கட்டடத்துக்கு முன்னால், நடைபாதையில் வண்ணக் கற்கள் பதித்து ஒரு பாண்டியாட்டக் கட்டம் போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் வெண்கலச் சிலை. தெருவின் பெயர் ஸ்கூல் ஸ்ட்ரீட். அமெரிக்காவின் முதல் பொதுப்பள்ளியான பாஸ்டன் லத்தீன் பள்ளி ஒருகாலத்தில் இந்த இடத்தில்தான் நடந்தது. அதன் மாணவர்களில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் ஃபிராங்க்ளின்தான். ஆனால் அவர் அங்கே படித்தது ஓராண்டுகூட இல்லை.

1714-ல் எட்டு வயதுப் பிள்ளையாக அவர் அங்கே சேர்ந்தார். வகுப்பில் வேகமாக முன்னேறினார். ஆனாலும் தந்தை அவரை நிறுத்திவிட்டார். தந்தைக்குத் தொழில் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்வது; வீட்டில் பிள்ளைகள் ஏராளம். வேறு ஆசிரியரிடம் எழுத்தும் கணக்கும் கொஞ்சம் கற்றபின், பத்து வயதில் ஃபிராங்க்ளின் தந்தையின் பட்டறையில் மெழுகுவர்த்திக்குத் திரி வெட்டிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அது நகரம் நடத்திய இலவசப் பள்ளி. இலவசப் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை ஏன் பணக் கணக்கால் வெளியேற வேண்டும்? காரணம், அந்தப் பள்ளி ஒரே ஒரு இடத்துக்குத்தான் வழிவிட்டது: கல்லூரிக்கு. கல்லூரிச் செலவைத் தாங்க முடியாத குடும்பத்துக்கு அங்கே கற்ற லத்தீனால் உடனடிப் பயன் எதுவும் கிடையாது. கட்டணம் வாங்காமல் இருப்பது வேறு, எல்லோருக்கும் திறந்திருப்பது வேறு. இந்தப் பள்ளியின் வரலாறு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவிலான இழுபறிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதன் மரபுகளையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிவிடுவது நல்லது. 'பப்ளிக் ஸ்கூல்' என்ற பெயரைத் தமிழ் வாசகர்கள் தனியார் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் பார்த்துப் பழகியவர்கள். அது இங்கிலாந்து வழக்கம். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு நேரான பொருள்தான்: மக்கள் வரிப்பணத்தில் நடக்கும், மக்கள் பிரதிநிதிகள் மேற்பார்க்கும் பள்ளி.

சரி, தொடக்கத்துக்குப் போவோம். 1635 ஏப்ரலில் பாஸ்டன் ஊர்க்கூட்டம் கூடி, ஃபிலமன் போர்மோர்ட் என்பவரை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருக்கும்படி கேட்டுக்கொள்வது என்று முடிவெடுத்தது. ஊரே உருவாகி ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. பள்ளிக்குத் தனிக் கட்டடம் கிடையாது. ஆசிரியர் வீட்டில்தான் பாடம். ஹார்வர்ட் கல்லூரி தொடங்கியது அடுத்த ஆண்டு, 1636-ல். தங்கள் பள்ளியில் படித்து முடிப்பவர்களுக்குப் போக ஓர் இடம் வேண்டுமே என்றுதான் ஹார்வர்டைத் தொடங்கினார்கள் என்று லத்தீன் பள்ளிக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பள்ளியின் இலச்சினை வாசகம் 'சுமுஸ் ப்ரீமி'. நாங்களே முதல் என்று பொருள்.

பணம் எங்கிருந்து வந்தது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். முதலில் ஊரின் வசதியானவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் 1640-களில் துறைமுகத் தீவுகளை, டீர் தீவையும் லாங் தீவையும் ஸ்பெக்டகிள் தீவையும், குத்தகைக்கு விட்டு அந்த வருமானத்தைப் பள்ளிக்கு ஒதுக்கினார்கள். ஊர்ப் பொது நிலத்தின் வருவாய் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது. 1647-ல் மாசசூசெட்ஸ் குடியேற்றம் அதைச் சட்டமாகவே ஆக்கியது: 50 குடும்பங்கள் உள்ள ஊர் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும், 100 குடும்பங்கள் உள்ள ஊர் பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் இலக்கணப் பள்ளி வைக்க வேண்டும். அந்த மக்கள் பியூரிட்டன்கள், கடுமையான ஒழுக்கநெறி கொண்ட கிறிஸ்தவப் பிரிவினர். வேதத்தைத் தாமே படித்துப் புரிந்துகொள்ளாதவனைச் சாத்தான் ஏமாற்றிவிடுவான் என்று உண்மையாகவே அஞ்சினார்கள். சட்டத்தின் முதல் வரியிலேயே சாத்தானைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

ஏன் லத்தீன்? ஹார்வர்டில் சேர வேண்டுமானால் பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் எழுத்தைப் பார்த்தவுடன் படித்துப் பொருள் சொல்ல வேண்டும், லத்தீனில் செய்யுளும் உரைநடையும் எழுத வேண்டும், கிரேக்கச் சொற்களின் வேற்றுமை உருபுகளும் வினைவடிவங்களும் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத் தயாராக ஏழெட்டு வயதில் சேர்ந்த பிள்ளை ஏழு ஆண்டுகள் உட்கார வேண்டும். கோடையில் காலை ஏழு மணிக்கே பள்ளி தொடங்கிவிடும். 1670 முதல் 1708 வரை, தொண்ணூறு வயதைத் தாண்டியும் தலைமையாசிரியராக இருந்தவர் எசக்கியேல் சீவர். அவர் எழுதிய லத்தீன் இலக்கணச் சிறுநூல் அவர் இறந்தபின்னும் பல தலைமுறை மாணவர்களின் கையில் இருந்தது. பதவியில் இருக்கும்போதே இறந்தார். அவருடைய மாணவரான காட்டன் மேதர்தான் இரங்கல் பேருரை நிகழ்த்தினார்.

இந்தப் பள்ளியின் வரலாற்றில் ஒரே ஒரு காலைப்பொழுதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19-ஐ நான் சொல்வேன். அப்போது தலைமையாசிரியர் ஜான் லவல். 1734 முதல் அந்தப் பதவியில் இருந்தவர். ஊரின் பெரிய மனிதர்கள் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். உதவி ஆசிரியர் அவருடைய மகன் ஜேம்ஸ் லவல். தந்தை பிரிட்டிஷ் மன்னரின் விசுவாசி. மகன் விடுதலைப் பக்கம். 1770-ல் பாஸ்டனில் பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் ஐந்து பேர் இறந்ததன் முதலாண்டு நினைவுப் பேருரையை ஆற்றியவரே அவர்தான். ஒரே வகுப்பறையின் ஒரு கோடியில் தந்தை, மறு கோடியில் மகன்.

அன்று காலை ஒன்பது வயது ஹாரிசன் கிரே ஓடிஸ் பள்ளிக்குத் தாமதமாக வந்தான். பக்கத்து ஊரான லெக்சிங்டனுக்குப் போகத் தயாராகப் பிரிட்டிஷ் படை வரிசையாக நின்றதால் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. உள்ளே நுழையும்போது லவல் சொல்லிக்கொண்டிருந்தது அவன் காதில் விழுந்தது: போர் தொடங்கிவிட்டது, பள்ளி முடிந்தது, 'டெபோனிதே லிப்ரோஸ்'. புத்தகங்களைக் கீழே வையுங்கள் என்று பொருள். பையன் வீட்டுக்கு ஓடினான். பிற்காலத்தில் அவர் பாஸ்டன் மேயரானார். முதுமையில் அவர் எழுதிவைத்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது.

பள்ளி ஓராண்டுக்கும் மேல் மூடிக் கிடந்தது. உளவு பார்த்ததாக மகன் ஜேம்ஸைப் பிரிட்டிஷார் சிறைப்பிடித்து, இன்றைய கனடாவில் உள்ள ஹாலிஃபாக்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அதே 1776-ல் பிரிட்டிஷ் படையோடு பாஸ்டனை விட்டுக் கிளம்பிய தந்தையும் ஹாலிஃபாக்ஸுக்குத்தான் போனார், அகதியாக. மகன் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையாகி, புதிய நாட்டின் காங்கிரசில் உறுப்பினரானார். தந்தை 1778-ல் அங்கேயே இறந்தார். 1776-ன் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் ஐந்து பேர் இந்தப் பள்ளியில் படித்தவர்கள்: ஜான் ஹான்காக், சாமுவேல் ஆடம்ஸ், ராபர்ட் ட்ரீட் பெய்ன், வில்லியம் ஹூப்பர், அப்புறம் ஓராண்டுகூடப் படிக்காத ஃபிராங்க்ளின். பள்ளி விழாக்களில் இந்த ஐந்து பெயர்களும் மறக்காமல் ஒலிக்கும். இன்னும் பல மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுக் குளிர்ந்த அயலூரில் செத்துப்போன அந்த முதிய ஆசிரியரையும் சேர்த்தே நான் அந்த மரபை நினைக்கிறேன்.

ஃபிராங்க்ளின் 1790-ல் இறந்தபோது உயிலில் பாஸ்டனின் இலவசப் பள்ளிகளுக்கு 100 பவுன் எழுதிவைத்திருந்தார். தன் முதல் எழுத்தறிவுக்கு அந்தப் பள்ளிகளுக்குக் கடன்பட்டிருப்பதாகவும், அதன் வட்டியில் ஆண்டுதோறும் வெள்ளிப் பதக்கம் செய்து மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அதில் சொல்லியிருந்தார். ஃபிராங்க்ளின் பதக்கம் இன்றும் லத்தீன் பள்ளியின் உயரிய பரிசுகளில் ஒன்று.

ஃபிராங்க்ளின் குடும்பத்தைப் போன்ற குடும்பங்களுக்கு நகரம் பதில் சொல்ல இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1821-ல் பாஸ்டன் ஒரு புதுவகைப் பள்ளியைத் திறந்தது. லத்தீன், கிரேக்கம் இல்லை; ஆங்கிலம், கணிதம், வரலாறு, கடல்வழிக் கணக்கு, நில அளவை. கல்லூரிக்குப் போகாமல் வணிகத்துக்கோ தொழிலுக்கோ போகும் பையன்களுக்கானது. விரைவிலேயே இங்கிலீஷ் ஹை ஸ்கூல் என்று பெயர் பெற்ற அதுதான் அமெரிக்காவின் முதல் பொது உயர்நிலைப் பள்ளி. இன்று அந்த நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கும் ஹை ஸ்கூல்கள் இதன் வழி வந்தவைதான், லத்தீன் பள்ளியின் வழியில் அல்ல. 1827-ல் மாசசூசெட்ஸ் மாநிலம், 500 குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரிலும் இத்தகைய பாடங்கள் நடத்தியாக வேண்டும் என்று சட்டம் போட்டது. 1874-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் கலமசூ வழக்கில், உயர்நிலைப் பள்ளிக்கும் வரி வசூலிக்கலாம் என்று தீர்ப்பளித்தபின் வளர்ச்சியைத் தடுக்க ஆளில்லை. 1890-ல் அமெரிக்கப் பொது உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 2 லட்சம் மாணவர்கள். 1920-ல் சுமார் 22 லட்சம்.

1881 முதல் 1922 வரை லத்தீனும் இங்கிலீஷும் ஒரே பெரிய கட்டடத்தின் இரு பகுதிகளில் நடந்தன. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பள்ளிகள் இருந்தால் போட்டி வராமல் இருக்குமா? 1887-ல் தொடங்கிய கால்பந்து ஆட்டம் (அமெரிக்க வகை) இன்றும் நன்றி நவிலல் நாளையொட்டி நடக்கிறது. இரு பள்ளிகளிலும் படித்த தாத்தாக்களும் பேரன்களும் வந்து கத்துவார்கள்.

பெண்பிள்ளைகளின் கதை இவ்வளவு மகிழ்ச்சியானதல்ல. 1826-ல் பாஸ்டன் பெண்களுக்கென ஓர் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தது. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான பெண்கள் விண்ணப்பித்தார்கள். சேர்ந்தவர்கள் படிப்பை விட்டுப் போகவே மறுத்தார்கள். கூட்டம் அதிகம், செலவு அதிகம் என்று காரணம் காட்டி இரண்டே ஆண்டுகளில் மேயர் ஜோசியா குவின்சியின் நிர்வாகம் அதை மூடிவிட்டது. பையன்கள் பள்ளிக்கு இப்படிக் கூட்டம் வந்திருந்தால் இன்னொரு கட்டடம் எழும்பியிருக்கும். இந்த ஒரு முடிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

1877-ல் பெற்றோர்கள் சிலர், எங்கள் மகள்களையும் லத்தீன் பள்ளியில் சேருங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். நகரக் கல்விக் குழு அதற்கு இணங்காமல் பெண்களுக்குத் தனி லத்தீன் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. நல்ல பள்ளிதான், ஆனால் சிறியது. நூறாண்டு கழித்து அந்தச் சிறுமை எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். 1970-ல் ஆண்கள் பள்ளியில் சுமார் 3,000 இடம், பெண்கள் பள்ளியில் அதில் பாதி. நுழைவுத் தேர்வு இருவருக்கும் ஒன்றேதான், 200 மதிப்பெண்ணுக்கு. பையனுக்கு 120 எடுத்தால் இடம் உண்டு. பெண்ணுக்கு 133 வேண்டும். நடுவிலே 13 மதிப்பெண்ணுக்குள் நின்றுபோன பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 1972-ல் கூட்டரசு நீதிமன்றம், ஒரே அளவுகோல்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு இரு பள்ளிகளும் இருபாலருக்கும் திறந்தன. 337 ஆண்டுகளாகப் பையன்கள் மட்டும் உட்கார்ந்த பெஞ்சுகளில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் லத்தீன் பள்ளி பின்னர் பாஸ்டன் லத்தீன் அகாடமி எனப் பெயர் மாறி, இன்றும் நடக்கிறது.

கறுப்பின மக்களின் போராட்டத்தில் இந்தப் பள்ளியின் மாணவர் ஒருவரே முக்கியமான இடத்தில் நிற்கிறார். சார்ல்ஸ் சம்னர் 1820-களில் இங்கே படித்தவர். 1849-ல், கறுப்பினச் சிறுமி ஒருத்திக்கு வீட்டருகே இருந்த பொதுப்பள்ளிகளில் இடம் மறுக்கப்பட்ட வழக்கில், கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மோரிசோடு சேர்ந்து அவர் வாதாடினார். பிரித்துவைப்பதே சமமின்மை என்பது அவர் வாதம். தோற்றார்கள். 1855-ல் மாநிலச் சட்டமே பள்ளிகளில் பிரிவினையைத் தடைசெய்தது என்பது ஆறுதல். ஆனால் அந்தப் பாஸ்டன் தீர்ப்பை 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முன்னுதாரணமாக எடுத்துக்காட்டி, நாடு முழுக்க இனப் பிரிவினைக்குச் சட்டத்தின் காப்பைக் கொடுத்தது.

இதற்கிடையே பள்ளிக்குள் வந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் குடியேறிகளின் பிள்ளைகள், பிறகு யூதப் பிள்ளைகள். பின்னாளில் அமெரிக்க அதிபரின் தந்தையான ஜோசப் கென்னடி 1908-ல் படித்து முடித்தார். உக்ரைனிலிருந்து வந்தவரின் மகனான இசைமேதை லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1935-ல். பத்திரிகையாளர் தியோடர் வைட் 1932-ல் முடித்துவிட்டு, ஹார்வர்டுக்குப் பணமில்லாமல் இரண்டு ஆண்டு தெருவில் செய்தித்தாள் விற்று, உதவித்தொகை கிடைத்தபின் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஓரளவு நல்ல மதிப்பெண் இருந்தால் உள்ளே வந்துவிடலாம். நிற்பதுதான் கடினம். "இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார், மூவரில் ஒருவர்தான் இங்கிருந்து முடித்து வெளியேறுவீர்கள்" என்று புது மாணவர்களிடம் சொல்வது வழக்கம். அது பயமுறுத்தல் மட்டுமல்ல, அனேகமாக நடந்ததும் அப்படித்தான். 1960-களில் நுழைவுத் தேர்வு வந்தபின் சலிக்கிற வேலை வாசலுக்கு வெளியே நகர்ந்தது.

பள்ளியின் உள்மரபுகளில் எனக்கு மிகப் பிடித்தது டெக்லமேஷன். ஒரு பேச்சையோ கவிதையையோ மனப்பாடம் செய்து, தாளைப் பார்க்காமல் வகுப்புக்கு முன் நின்று, குரலும் பார்வையும் கையசைவும் பொருந்தச் சொல்ல வேண்டும். ஆண்டுக்குச் சில முறை ஒவ்வொருவருக்கும் முறை வரும், தப்பிக்க முடியாது. சிறப்பாகச் செய்கிறவர்கள் பெரிய அரங்கில் நடுவர்கள் முன் போட்டியிடலாம். அந்த அரங்கின் சுவர் உச்சியில் பள்ளியின் புகழ்பெற்ற மாணவர்கள் பெயர்களை எழுதிவைத்திருக்கிறார்கள். மறைந்தவர்களுக்கு மட்டும்தான் அங்கே இடம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை முழங்கால் நடுங்க மேடையேறி நிமிர்ந்து பார்த்தால், ஃபிராங்க்ளினும் எமர்சனும் மேலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது போலிருக்கும். வீட்டில் ஆங்கிலமே பேசாத குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தப் பயிற்சி எதைக் கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊரின் மொழி அந்தப் பிள்ளையின் வாய்க்குச் சொந்தமாகிறது.

மற்ற மரபுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வகுப்புகளைத் தலைகீழாக எண்ணுவார்கள்: ஏழாம் வகுப்புதான் ஆறாம் படி, பன்னிரண்டாம் வகுப்பு முதல் படி. அதனால் புதிதாகச் சேரும் பொடியர்களுக்குச் 'சிக்ஸி' என்று பெயர். ஒழுங்கு தவறினால் அதற்கென ஒரு கெட்ட புள்ளி. லத்தீன் இன்றும் கட்டாயம். ஹார்வர்டே கேட்பதை நிறுத்தி வெகுகாலமான பிறகும். இப்போதைய கட்டடம் அவென்யூ லூயி பாஸ்டரில் இருக்கிறது; பள்ளி அங்கே வந்தது 1922-ல்.

கடைசியாக, இன்னும் ஓயாத சண்டை. 1974-ல் கூட்டரசு நீதிபதி ஆர்தர் கேரிட்டி, பாஸ்டன் கல்விக் குழு வேண்டுமென்றே இனவாரியாகப் பள்ளிகளைப் பிரித்துவைத்தது என்று தீர்ப்பளித்தார். அதன் தொடர்ச்சியாகத் தேர்வு வைக்கும் பள்ளிகளில் 35 சதவீத இடங்கள் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் ஹிஸ்பானிய (ஸ்பானிய மொழிப் பின்னணி கொண்ட) பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்பட்டன. 1990-களில் இடம் கிடைக்காத வெள்ளையின மாணவர்களின் குடும்பங்கள் வழக்குப் போட்டன. 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் எடுக்கும் சேர்க்கையைத் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு லத்தீன் பள்ளியில் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளின் பங்கு கணிசமாகக் குறைந்தது. நகரப் பள்ளிகளில் பெரும்பான்மையாக இருப்பவர்களோ அவர்கள்தான். 2016-ல் கறுப்பின மாணவிகள் சிலர், பள்ளிக்குள் தாங்கள் சந்திக்கும் இனப் பாகுபாட்டைச் சமூக ஊடகத்தில் வெளிப்படையாகப் பேசினார்கள். விசாரணை வந்தது, அப்போதைய தலைமையாசிரியர் விலகினார். 2017-ல் அந்தப் பள்ளியிலேயே படித்த ரேச்சல் ஸ்கெரிட் பொறுப்பேற்றார். வெள்ளையினத்தவர் அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல்முறை.

பெருந்தொற்றின்போது தேர்வை நடத்த முடியவில்லை. அந்த ஓராண்டுக்கு மதிப்பெண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் வைத்து இடம் கொடுத்தார்கள். பிறகு 2021 ஜூலையில் கல்விக் குழு புதிய முறையை ஏற்றது: பிள்ளை வசிக்கும் பகுதியின் பொருளாதார நிலையைப் பார்த்து நகரத்தை எட்டு அடுக்குகளாகப் பிரிப்பது, ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் போட்டி வைப்பது. அஞ்சல் குறியீட்டு முறையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2024 டிசம்பரில் அதை விசாரிக்க நீதிமன்றம் மறுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது.

இந்த அடுக்கு முறையைக் குறைசொல்பவர்கள், தகுதி கெட்டுவிடும் என்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 120-ம் 133-ம் கூடத் தகுதி என்ற பெயரில்தான் இருந்தன. எட்டு வயதில் வகுப்பில் முந்தி நின்ற மெழுகுவர்த்திக்காரர் மகனுக்குத் தகுதியில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அவர் குடும்பம் வாழ்ந்த நிலையை அன்று பள்ளி கணக்கில் எடுக்கவில்லை. எப்படி எடுப்பது என்று நகரம் இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறது.